சரளையில் நொண்டிய நாய்

பொன்னி முதலில் நொண்டியது பாளையம் சந்தைக்குப் பின்னால் உள்ள இறக்கத்தில். புதிதாகச் சரளை கொட்டி உருளை ஓட்டியிருந்த ரோடு. சற்குணம் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். சங்கிலி பின்னுக்கு இழுத்தது. திரும்பிப் பார்த்தால் நாய் முன்னங்கால் ஒன்றை மடித்துத் தூக்கிக்கொண்டு நின்றது. கல் குத்தியிருக்கும் என்று பாதத்தைத் துடைத்துப் பார்த்தார். ரத்தம் இல்லை, முள்ளும் தெரியவில்லை. வீட்டில் இதைச் சொல்லவும் தோன்றவில்லை. மறுநாளும் அதே இறக்கத்தில் அது அதே காலைத் தூக்கியபோதுதான் வீட்டில் சொன்னார்.

நாய் அவருடையது அல்ல. போனக்காட்டில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஹாலட் துரையுடையது. தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும் மருந்தும் சாமானும் வாங்கி மலைக்கு அனுப்புவதற்காகத் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைவீதியில் ஒரு மாடியில், துரைக்கு ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. சற்குணம் அங்கே ஹெட் கிளார்க். கோவில்களை எல்லா ஜாதிக்கும் திறந்துவிட்ட வருஷத்துக்கு அடுத்த வருஷம், துரை நீண்ட லீவில் சீமைக்குப் புறப்பட்டார். மலையில் விட்டுப் போனால் சிறுத்தை தூக்கிவிடும் என்று, தம் கிரேஹவுண்ட் வேட்டை நாயைச் சற்குணத்தின் வீட்டில் கொண்டுவந்து விட்டார். நான் திரும்பி வரும்போது இது எப்படிப் போனதோ அப்படியே எனக்கு வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

துரை அதற்கு வைத்த பெயர் ஃபெர்ன். அக்கம்பக்கத்தார் காதில் அது பேன் என்று விழுந்தது. தலையில் ஊர்வதைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதா என்று சற்குணத்தின் மனைவி ராகேல் அதைப் பொன்னி ஆக்கிவிட்டாள். நிறமும் மங்கிய பொன்னிறம்தான். வந்த புதிதில் ராகேலுக்கு அதைப் பிடிக்கவில்லை. பெஞ்சு நீளத்துக்கு ஒரு பிராணி, எலும்பெல்லாம் தெரிகிறது, பார்க்கிறவர்கள் நாம் பட்டினி போடுவதாக நினைக்கிறார்கள் என்று குறைப்பட்டாள். உண்மையில் பக்கத்து வீட்டு வாலாம்பாள் அப்படிக் கேட்டும் விட்டாள். ஆனால் ராகேல் முன்னறையில் உட்கார்ந்து லேஸ் பின்னும்போது நாய் வந்து அவள் பாதத்தின் மேல் தன் நீண்ட மூஞ்சியை வைத்துப் படுத்துக்கொள்ளும். அவள் எழுந்திருக்கும்வரை நகராது. பையன்கள் இருவரும் நாகர்கோவிலில் போர்டிங்கில் இருந்தார்கள். பகல் முழுக்க வீட்டில் அவளும் நாயும்தான். மழைக்காலம் முடிவதற்குள் மீன் வாங்கும்போது அதற்கென்று ஒரு பங்கு தனியாக எடுத்து வைக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

நொண்டுவதை அவள்தான் சரியாகக் கண்டுபிடித்தாள். அதாவது, எங்கே நொண்டுகிறது, எங்கே நொண்டவில்லை என்று. மியூசியம் தோட்டத்துப் புல்லில் விட்டால் அம்பு மாதிரி ஓடுகிறது. வாசலில் சரளையில் கால் வைத்ததும் மூன்று காலில் நிற்கிறது. வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கி நடக்கிறது.

"நடிக்குதா?" என்று சற்குணம் கேட்டார்.

"நாய் யாருக்கு நடிச்சுக் காட்டப் போவுது?" என்றாள் அவள். "அதுக்கு வலிக்குது, கேட்டியளா. நமக்குத்தான் எங்கேன்னு தெரியல்ல."

சற்குணம் அன்று சோறு சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. முன்பொரு தடவை ஆபீஸ் வேலையாக அவர் மலைக்குப் போயிருந்தார். அப்போது துரையிடம் இரண்டு கிரேஹவுண்டுகள் இருந்தன. பொன்னியும், அதோடு ஒரே ஈற்றில் பிறந்த ஸ்டாக் என்ற ஆண் நாயும். முயலைத் துரத்தி, மேல்பாறைப் பக்கம் ஓர் இடுக்கில் விழுந்து ஸ்டாக் காலை முறித்துக்கொண்டது. கூலிக்காரர்கள் கம்பளியில் போட்டுத் தூக்கி வந்தார்கள். துரை அதன் பக்கத்தில் மண்டியிட்டுக் காலைத் தடவிப் பார்த்தார், காதுக்குள் ஏதோ சொன்னார், துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். தோட்டத்து ஆபீஸ் வாசலிலேயே எல்லாம் முடிந்தது.  துரையின் கண் சிவந்திருந்தது. ஓட முடியாத கிரேஹவுண்டை உயிரோடு வைத்திருப்பதுதான் கொடுமை என்று அடுத்த நாள் சற்குணத்திடம் சொன்னார். அவர் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. மனம் நொந்துதான் சொன்னார். அதனால்தான் சற்குணத்துக்குப் பயம் அதிகமாக இருந்தது. கோபக்காரனிடம் காலில் விழலாம். பிரியத்தால் சுடுகிறவனிடம் என்ன சொல்லி மன்றாடுவது?

வைத்தியரிடம் கொண்டுபோகவே அவர் தயங்கினார். ஊரில் இந்த ஜாதி நாய் வேறு இல்லை. துரையின் நாய் நொண்டுகிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால் அரிசி லாரியோடு செய்தியும் மலைக்குப் போய்விடும். அங்கே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சின்னதுரை சீமைக்கு எழுதிவிடுவார். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று நாயை வெளியே விடாமல் வைத்துப் பார்த்தார்கள். ராகேல் விளக்கெண்ணெய் தடவினாள். சாக்கு விரித்து அதன்மேல் நடக்கவிட்டாள். காலை வேளைகளில் சற்குணம் படுக்கையிலிருந்து எழும் முன்பே காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். சிமெண்டுத் தரையில் நகங்கள் படும் சத்தம் ஒரே சீராக வருகிறதா, ஒன்று குறைகிறதா என்று கேட்பார். ஒன்று குறைந்துகொண்டேதான் இருந்தது.

கடைசியில் ராகேலுக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் வரவில்லையென்றால் நானே கொண்டுபோகிறேன் என்று கிளம்பிவிட்டாள். நந்தன்கோட்டில் சத்தியதாஸ் என்று ஒருவர் இருந்தார். குதிரைப் பட்டாளத்தில் மிருக வைத்தியராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போது வீட்டிலேயே மாடும் வண்டிக் குதிரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வாசல் முழுக்கப் புல். நாயை நடக்கவிட்டுப் பார்த்தார். அது ராஜகுமாரி மாதிரி நடந்தது. ஓடவிட்டார், ஓடியது. தோளை, முழங்காலை, விரல்களை அமுக்கினார். நாய் கொட்டாவி விட்டது.

சத்தியதாஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, கொஞ்சம் நாள் போகட்டும் என்றார். சற்குணத்துக்கு வெட்கமாகப் போயிற்று. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்கள். கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கியதும் பொன்னி காலைத் தூக்கியது. ராகேல் அங்கேயே நின்று, "டாக்டர் ஸார், ஓடி வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் பனியனோடு ரோட்டுக்கு வந்தார். நாயைச் சரளையில் கொஞ்ச தூரம் நடத்தினார், மறுபடி புல்லுக்குக் கொண்டுபோனார், மறுபடி ரோட்டுக்கு. அவர் முகம் மாறிவிட்டது.

உள்ளங்காலின் நடுவிரல் சதையில் ஓர் இடத்தை இரண்டு பக்கமும் பிடித்து நசுக்கியபோது நாய் சட்டென்று காலை இழுத்துக்கொண்டு ஊளையிட்டது. உள்ளே முள்ளோ கண்ணாடிச் சில்லோ இறங்கியிருக்கிறது, மேல்தோல் மூடிவிட்டது என்று சத்தியதாஸ் சொன்னார். அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது. சற்குணம் நாயின் தலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சத்தியதாஸ் மரத்துப்போக ஊசி போட்டு, அந்த இடத்தைக் கீறி, சாமணத்தால் தேடினார். தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் நிமிர்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே ஒன்றுமில்லை என்றார். வாய் திறந்த புண்ணுக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசமானவை. உள்ளங்கால் புண் எளிதில் ஆறாது. எழுந்து நின்றாலே பிளந்துகொள்ளும். பொன்னி பல்லால் கட்டைக் கிழித்தது. நனைந்த துணிக்குள் புண் ஊறிப் போயிற்று. பாதம் வீங்கியது. நாய் கஞ்சியைக்கூட முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சத்தியதாஸ் சைக்கிளில் தினமும் வந்து, சிவப்பு மருந்துத் தண்ணீரில் கழுவி, பஞ்சு வைத்துக் கட்டினார். தவறு தம் கையால் நடந்தது என்று அவர் சொல்லாமலே தெரிந்தது. காபி கொடுத்தால் குடிக்க மாட்டார். ராகேல் லேஸ் பின்னும் திண்டை மூட்டைகட்டி உள்ளே வைத்துவிட்டு, நாயின் பக்கத்திலேயே பாய் போட்டு உட்கார்ந்தாள். அது கட்டை நக்கப் போகும்போதெல்லாம் மூஞ்சியைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் துரையிடமிருந்து தந்தி வந்தது. நவம்பர்க் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன் மலைக்குப் போய்விட வேண்டுமாம். ஆபீஸில் அதைப் படித்த சற்குணத்துக்கு எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமலே ராகேலிடம் சொன்னார். அவள் நாயின் காலைப் பிடித்தபடியே, "வரட்டும்" என்றாள். 

வீக்கம் மெதுவாக வற்றியது. காய்ச்சல் விட்டது. புண் ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. பொன்னி மறுபடி மீன் தின்றது. இருவருக்கும் மூச்சு வந்தது. கட்டை அவிழ்த்த அன்று வாசலில் நடக்கவிட்டார்கள். சரளையில் இரண்டடி வைத்ததும் நாய் காலைத் தூக்கியது. அதே கால், அதே இடம். ராகேல் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நாய் நொண்டியபடியே வந்து அவள் காதை முகர்ந்தது.

சத்தியதாஸ் இந்தத் தடவை கத்தியை எடுக்கவில்லை. வெந்நீரில் காலை ஊறவைக்கச் சொன்னார். தோல் வெளுத்து மென்மையானதும் நல்ல வெயிலில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ராகேலையும் பார்க்கச் சொன்னார். கறுத்த சதையின் நடுவே துவரம்பருப்பு அளவுக்கு வட்டமாக, மெழுகு மாதிரி வெளிறிய ஒரு புள்ளி. சுற்றிலும் மெல்லிய கோடு. நகத்தால் தொட்டால் கல்லாக இருந்தது.

"நான் முள்ளைத் தேடிட்டு இருந்தேன்," என்றார் சத்தியதாஸ். "இது முள்ளில்லேம்மா. ஆணி. மனுஷனுக்கு வர்ற அதே கால் ஆணி. நாய்க்கு வந்து நான் பாத்ததில்லே."

இந்த ஜாதிக்கு உள்ளங்காலில் சதை குறைவு, எலும்பு நேராகத் தோலை அமுக்குகிறது, மலையில் புல்லில் ஓடியதற்கு இங்கே சரளையும் சிமெண்டும் சேரவில்லை என்று அவர் தமக்குத் தாமே விளக்கிக்கொள்வது போலச் சொன்னார். மழுங்கிய முனையுள்ள, குழிந்த சின்னக் கருவி ஒன்றை எடுத்து அந்தக் கோட்டின் வழியே சுற்றிச் சுற்றி நெம்பினார். வெட்டவில்லை. விளாம்பழத்திலிருந்து சதையைப் பெயர்ப்பது போல ஓரத்தை மட்டும் கிளப்பினார். பொன்னி ஒரு தடவை முனகியது. பிறகு, கூம்பு மாதிரி, அடியில் கூர்மையாக, அது முழுசாகப் பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. குழிந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. நாயை இறக்கி ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். நாலு காலும் ஊன்றி நடந்தது.

சற்குணம் அங்கேயே கண்ணை மூடிக் கர்த்தருக்கு நன்றி சொன்னார். ஆனால் சத்தியதாஸின் முகத்தில் சிரிப்பில்லை. இது திரும்பி வரும் என்றார். வேர் என்று ஒன்று தனியாக இல்லை, அமுக்கம் இருக்கும்வரை மறுபடி மறுபடி உண்டாகும். ஒரு மாசம் தாங்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது. கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்திரி எதையும் ஒட்டாதே, நாய் நக்கினால் வயிறு வெந்துவிடும் என்று எச்சரித்தார். வெந்நீர், தேங்காயெண்ணெய், இந்தக் கருவி, பொறுமை. ரோட்டில் நடத்துவதானால் உள்ளே பஞ்சு வைத்த தோல் உறை. அவ்வளவுதான் வைத்தியம். ரத்தம் வந்தால் ஆழமாகப் போய்விட்டாய் என்று அர்த்தம், உடனே நிறுத்து. அந்தக் கருவியை ராகேலிடமே கொடுத்து, அடுத்த தடவை தாம் பக்கத்தில் இருந்து அவளையே எடுக்க வைத்தார். லேஸ் பின்னிப் பழகிய விரல்கள். எடுத்துவிட்டாள்.

துரை வருவதற்குள் ஆணி மறுபடி வளர்ந்துவிட்டது. தைக்காட்டில் வெள்ளைக்காரர்கள் தங்கும் பங்களாவில் இறங்கியிருக்கிறார், மறுநாள் காலையில் நாயைக் கொண்டுவர வேண்டும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். சற்குணம் வெந்நீர் போடச் சொன்னார். இன்றைக்கே எடுத்துவிடு, நாளைக்கு ரோட்டிலும் புல்லிலும் சுத்தமாக நடக்கும், ஒப்படைத்துவிடுவோம் என்றார். ராகேல் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை.

"எடுக்க மாட்டேன்."

அவர் திகைத்துப் போனார்.

"நாளைக்கு நடக்கும். ஒரு மாசம் கழிச்சு மலையில நொண்டும். அப்போ அங்கே யாரு இருக்கா? நீங்களா, நானா? காலைப் பாத்துட்டு ஒடிஞ்சிருக்குன்னு நினைப்பாரு. அப்புறம் துப்பாக்கியைத்தான் எடுப்பாரு."

சற்குணத்துக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நாயை நொண்டியாகக் கொண்டுபோய் நிறுத்தினால் நாளைக்கே எடுப்பார் என்றார். என் உத்தியோகம் என்ன ஆகும் என்றும் கேட்டார். கேட்டபின் அவருக்கே அது அசிங்கமாகப் பட்டது. ராகேல் கருவியைத் துடைத்துத் தன் பையில் வைத்தாள், தோல் உறைக்குள் புதுப் பஞ்சு திணித்தாள். 

காலையில் மூவரும் நடந்தார்கள். தோல் உறை போட்டிருந்ததால் பொன்னி ரோட்டில் சமாளித்தது. பங்களா கேட்டில் சற்குணம் குனிந்து உறையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ராகேல் அதைப் பார்த்தாள். உள்ளே பெரிய புல்வெளி. துரை வராந்தாவில் நின்று விசில் அடித்ததும் சங்கிலி சற்குணத்தின் கையை விட்டுப் பறந்தது. பொன்னி புல்வெளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம். முதுகு வில்லாக வளைந்து நிமிர்ந்தது. பங்களா வேலைக்காரர்கள்கூட வேலையை விட்டுப் பார்த்தார்கள். துரை சிறு பையன் போலக் கைதட்டினார். பிறகு சற்குணத்தின் தோளில் தட்டி, நன்றாக வைத்திருக்கிறாய் என்றார். அடுத்த வாரம் மேல்பாறைப் பக்கம் முயலுக்குப் போகப் போகிறேன், இவளைக் கொண்டு போவேன் என்றார்.

அந்த இடத்தில் தலையை ஆட்டியிருந்தால் போதும். சற்குணமும் தலையை ஆட்டத்தான் இருந்தார். மேல்பாறை என்ற சொல் காதில் விழுந்ததும் கம்பளியில் தூக்கி வந்த ஸ்டாக் கண்ணில் வந்தது. அவர் இங்கிலீஷில் சொன்னார். துரை, இது புல்லில்தான் ஓடும். கல்லில் நொண்டும். உள்ளங்காலில் ஆணி இருக்கிறது. எடுத்தால் திரும்ப வளர்கிறது. முழுசாகத் தீராது. சொல்லி முடித்தபோது தம் குரல் யாருடையதோ போல் இருந்தது.

 துரை நாயைக் கூப்பிட்டுக்கொண்டு புல்வெளியைக் கடந்து, வண்டி வந்து நிற்கும் சரளைப் பாதையில் இறங்கினார். பொன்னி அவர் பின்னால் உற்சாகமாகத் தாவியது. இரண்டடியில் நின்றுவிட்டது. காலைத் தூக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் அதன் தலையைத் தடவினார். பிறகு சற்குணத்திடம், குரலை உயர்த்தாமல், இன்றைக்கு நான் இவளை மலைக்குக் கொண்டுபோகிறேன், அங்கே நானே செய்கிறேன், வேறு கை படக்கூடாது என்றார். சீரழிந்து சாகவிட மாட்டேன் என்றும் சொன்னார். அவர் உதடு துடித்தது.

ராகேலுக்கு இங்கிலீஷ் புரியாது. ஆனால் அந்த முகத்தைப் புரிந்துகொள்ள இங்கிலீஷ் வேண்டியதில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் துரையோடு பேசியதே இல்லை.

"துரை ஒரு நாழிகை பொறுக்கணும். நான் ஒண்ணு செய்து காட்டுதேன். பாத்துட்டு என்ன வேணும்னாலும் செய்யுங்க."

துரைக்குத் தமிழ் தெரியும், தோட்டத்தில் கங்காணிகளிடம் பழகிய தமிழ். "நீ என்ன செய்யும்?" என்றார்.

பங்களா சமையல்காரனிடம் வெந்நீர் வாங்கினாள். வராந்தாப் படியில் உட்கார்ந்தாள். சற்குணம் பக்கத்தில் உட்கார்ந்து பொன்னியின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். நாய் வழக்கம்போலக் காலை நீட்டிக் கொடுத்தது. வெந்நீரில் ஊறும்வரை துரை நகரவில்லை. ராகேல் பையிலிருந்து கருவியை எடுத்தாள். விரல் வழுக்கியது. சேலையில் துடைத்துவிட்டு மறுபடி பிடித்தாள். வட்டக் கோட்டை நகத்தால் தேடினாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் போதும், நாய் ஒரு தடவை அலறினாலும் போதும், எல்லாம் முடிந்தது என்று சற்குணத்துக்குத் தோன்றியது. அவர் நாயின் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். கருவி ஓரத்தில் இறங்கியது. பாதிச் சுற்று வந்ததும் பொன்னியின் உடம்பு விறைத்தது. ராகேல் நிறுத்தினாள். அதன் விரல் இடுக்கில் மெதுவாகத் தடவிக் கொடுத்தாள். விறைப்புத் தளர்ந்ததும் மிச்சச் சுற்றையும் முடித்து நெம்பினாள். ஆணி படியில் விழுந்து துள்ளியது.

துரை குனிந்து அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து விரலால் உருட்டிப் பார்த்தார். ராகேல் எழுந்து, நாயைக் கூட்டிக்கொண்டு சரளைப் பாதையில் கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். கல் நொறுங்கும் சத்தம் சீராக வந்தது.

"மறுபடி வரும்?" என்று துரை கேட்டார்.

"வரும்."

"வந்தா?"

"மறுபடி எடுப்பேன்."

"எத்தனை காலம்?"

"அது இருக்கற வரைக்கும். வேற என்ன செய்ய?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சற்குணத்தை வராந்தாவின் மறுகோடிக்கு அழைத்துப் போனார். இவளை ஓடவிட முடியாமல் மலையில் கட்டிப்போட்டு வைக்க என்னால் முடியாது, உங்களிடமே இருக்கட்டும் என்றார். ஆனால் ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும் என்றார். உங்களால் தீர்க்க முடியாத வலி என்று ஒன்று வந்தால், பாசத்தால் இழுத்துக்கொண்டிருக்கக் கூடாது. எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். நான் வருவேன். சற்குணம் வாக்குக் கொடுத்தார். துரை நாயிடம் விடைபெற்றுக்கொள்ளாமல் உள்ளே போய்விட்டார்.

வரும் வழியில் ராகேல் சிரித்தாள், அழுதாள், ரோட்டோரம் பழம் வாங்கினாள். துரை என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, நாயை நமக்கே கொடுத்துவிட்டார் என்று மட்டும் சற்குணம் சொன்னார். வாக்கைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ஆணிகள் வந்தன, எடுத்தாள். கோடை நல்லபடியாகப் போயிற்று. வைகாசியில் இடவப்பாதி மழை பிடித்ததும் ஈரத்தில் தோல் இளகி, பழைய காலில் ஆணி ஆழமாக இறங்கியது. கூடவே மற்ற முன்னங்காலிலும் ஒன்று. ஒரு நாள் காலையில் ராகேல் நெம்பும்போது ரத்தம் குபுக்கென்று வந்தது. பொன்னி முதல் தடவையாக அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. கடிக்கவில்லை. அவள் கருவியைக் கீழே போட்டுவிட்டுக் கட்டுப் போட்டாள். சத்தியதாஸ் மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். நாய் இரண்டு முன்னங்காலும் ஊன்ற முடியாமல் பாயிலேயே கிடந்தது. கஞ்சி வேண்டாம் என்றது.

அன்று சற்குணம் ஆபீஸுக்குப் போனபோது வாசலில் மலை லாரிக்கு அரிசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் வேலாயுதன் ஸ்டியரிங் பக்கம் ஏறி உட்கார்ந்து, துரையிடம் ஏதாவது சொல்லணுமா என்று வழக்கம்போலக் கேட்டான். சற்குணம் மழையில் நின்றார். தீர்க்க முடியாத வலி என்றால் எது? இன்றைக்கு இருப்பதா, நாளைக்கு இருக்கப் போவதா? யார் அதை அளந்து சொல்வது? நாம் பிரியத்தால் இழுத்துக்கொண்டிருக்கிறோமா? சமையலறை வாசலில் கட்டுத்துணியைப் பிழிந்துகொண்டு நின்ற ராகேலை நினைத்தார். வேலாயுதன் இன்ஜினை முடுக்கிவிட்டு மறுபடி கேட்டான்.

"ஒண்ணுமில்லை, நீ போ" என்றார்.

லாரி போனபின்பும் சரியாகச் செய்தோமா என்று அவருக்குத் தெரியவில்லை. நாள் முழுக்கத் தெரியவில்லை. சாயந்திரம் மழை விட்டிருந்தது. வீட்டுக்கு வரும்போது ராகேல் முற்றத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். எதிரே ஈரப் புல்லில் பொன்னி நின்றது, நிற்கத்தான் செய்தது. கட்டுப் போட்ட காலை இறக்கித் தரையைத் தொட்டது, தூக்கியது, மறுபடி இறக்கியது. பேசாதீர்கள் என்று ராகேல் கையால் காட்டினாள். அவர் குடையை மடக்காமலே நின்று பார்த்தார். நாய் தன் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காலில் சாய்த்தது. பிறகு ஓரடி எடுத்து வைத்தது.